நிலத்துக்கு எது, கடலடிக்கு எது: உயரத் தரவைத் தேர்ந்தெடுக்கும் முன்

சில வார இடைவெளியில் மூன்று பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தார்கள். ஒருவர் ஆற்று வெள்ளத்தை ஆய்வு செய்யும் மாணவி. ஒருவர் மலைத்தொடர்களை மரத்தில் செதுக்கும் கைவினைஞர். இன்னொருவர் கடலடியில் கேபிள் போகும் பாதையை முதற்கட்டமாக வரைந்து பார்க்கும் பொறியாளர். இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் எதை எடுப்பது என்பதுதான் கேள்வி. மூவருக்கும் ஒரே பெயரைச் சொல்லி அனுப்பினால் இரண்டு பேருடைய வேலையாவது கெட்டுப்போகும்.

பூமியின் மேடுபள்ளத்தை எண்களாகத் தரும் தொகுப்புகள் பல இருக்கின்றன. எல்லாவற்றின் அமைப்பும் ஒன்றுதான்: பரப்பைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் எண் வீதம் நிரப்பியிருப்பார்கள். தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் பார்ப்பது கட்டத்தின் அளவை. 90 மீட்டரைவிட 30 மீட்டர் மேல், அதைவிட 12 மீட்டர் மேல் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். கட்டம் எவ்வளவு சிறியது என்பதைவிட, அதற்குள் இருக்கும் எண் எப்படி அங்கே வந்தது என்பதே முக்கியம் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். இந்தக் கட்டுரை முழுவதும் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கப்போகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

அளந்ததா, ஊகித்ததா? நிலத்தில் ஏறக்குறைய எல்லாக் கட்டங்களையும் ஏதோ ஒரு கருவி நேரடியாகப் பார்த்திருக்கிறது. கடலில் நிலைமை வேறு. 2025 ஜூன் நிலவரப்படி, உலகக் கடலடியில் 27.3 விழுக்காடுதான் நவீனக் கருவிகளால் அளக்கப்பட்டிருக்கிறது. மீதிக் கட்டங்கள் காலியாக இல்லை, அவற்றிலும் எண்கள் இருக்கின்றன. சிக்கலே அங்குதான்.

எந்தப் பரப்பின் உயரம்? மேலிருந்து பார்க்கும் கருவிக்குக் காட்டில் மர உச்சியும் நகரத்தில் கூரையும்தான் முதலில் தென்படும். அவற்றையும் சேர்த்துத் தருவது மேற்பரப்பு மாதிரி; அவற்றை நீக்கிவிட்டு வெறும் தரையைத் தருவது தரை மாதிரி. வானலைக் கோபுரம் எங்கே நிறுத்தலாம் என்று பார்ப்பவருக்கு முதல் வகை வேண்டும், ஏனென்றால் மரமும் கட்டடமும் அலையை மறிக்கும். தண்ணீர் எங்கே ஓடும் என்று பார்ப்பவருக்கு இரண்டாவது வகை வேண்டும்.

எப்போது அளந்தது? சாக்கடலின் நீர்மட்டம் ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கு மேல் இறங்கிக்கொண்டிருக்கிறது. 2000-ஆம் ஆண்டுத் தரவை எடுத்து இன்றைய கரையை வரைந்தால், கோடு விழும் இடத்தில் தண்ணீரே இருக்காது. பனியாறுகள், சுரங்கங்கள், புதிய அணைகள், எரிமலைச் சரிவுகள் எல்லாம் இந்த வகைதான்.

பூச்சியம் எங்கே இருக்கிறது? உயரம் என்றால் எதிலிருந்து உயரம்? ஜிபிஎஸ் கருவி தன் கணக்கைத் தொடங்குவது பூமிக்கு ஒப்பாக வரைந்த ஒரு வழவழப்பான நீள்கோளத்திலிருந்து. உயரத் தொகுப்புகள் கணக்கைத் தொடங்குவது ஜியாய்டிலிருந்து; அதாவது ஈர்ப்புவிசை மட்டும் இழுத்தால் கடல்நீர் எந்த மட்டத்தில் நிற்குமோ அந்தப் பரப்பிலிருந்து. இரண்டும் ஒன்றல்ல. இந்தியப் பெருங்கடலில் இலங்கைக்குத் தெற்கே ஜியாய்டு நீள்கோளத்துக்குக் கீழே 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. நியூகினி அருகே 80 மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கிறது. இதைத் திருத்தாமல் ஜிபிஎஸ் அளவையும் உயரத் தொகுப்பையும் ஒப்பிட்டுவிட்டு, "தரவு தவறு" என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். தரவில் தவறு இல்லை, இரண்டு பூச்சியங்களைக் கலந்துவிட்டார்கள். ஜியாய்டிலும் பழைய ஈஜிஎம்96, புதிய ஈஜிஎம்2008 என்று இரண்டு புழக்கத்தில் இருக்கின்றன. இரண்டு தொகுப்புகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்து மாற்றத்தைக் கணக்கிடும்போது இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே நுழைந்துவிடும்.

உரிமமும் உழைப்பும். இலவசம் என்று எழுதியிருந்தாலும் எல்லாருக்கும் எல்லா வேலைக்கும் இலவசம் இல்லை. பதிவிறக்கிய பிறகு ஓட்டைகளை நிரப்ப, தண்ணீரின் வழியை மறித்து நிற்கும் பாலங்களை வெட்ட, துண்டுகளை ஒட்ட ஆகும் நாட்களையும் விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கட்டத்தின் அளவை வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். மேலே சொன்ன ஐந்தும் ஒத்துவந்த பிறகு அதைப் பாருங்கள்.

## நிலம்: ஒரே பார்வையில்

| தொகுப்பு | அளந்த முறை | அளந்த காலம் | கட்டம் | காட்டும் பரப்பு | பூச்சியம் |
|---|---|---|---|---|---|
| எஸ்ஆர்டிஎம் | விண்வெளி ஓட ரேடார் | 2000 பிப்ரவரி | 30 மீ | மரமும் தரையும் கலந்த ஓர் இடைமட்டம் | ஈஜிஎம்96 |
| ஆஸ்டர் (3-ஆம் பதிப்பு) | இரட்டை ஒளிப்படம் | 2000–2013 | 30 மீ | மேற்பரப்பு | ஈஜிஎம்96 |
| ஏடபிள்யூ3டி30 | மூன்று கேமரா ஒளிப்படம் | 2006–2011 | 30 மீ | மேற்பரப்பு | ஈஜிஎம்96 |
| கோப்பர்நிக்கஸ் ஜிஎல்ஓ-30 | இரட்டைச் செயற்கைக்கோள் ரேடார் | 2010–2015 | 30 மீ | மேற்பரப்பு | ஈஜிஎம்2008 |
| ஃபேப்டெம் | கோப்பர்நிக்கஸிலிருந்து கணித்தது | 2010–2015 | 30 மீ | தரைக்கு நெருக்கம் | ஈஜிஎம்2008 |
| மெரிட் | முதன்மையாக எஸ்ஆர்டிஎம்மைத் திருத்தியது | பெரும்பகுதி 2000 | 90 மீ | தரைக்கு நெருக்கம் | ஈஜிஎம்96 |

## எஸ்ஆர்டிஎம்: எல்லாரும் அறிந்த பெயர்

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாட்கள் பறந்து இதை அளந்தது. ஓடத்தின் சரக்கு அறையில் ஓர் ஆன்டெனா, அதிலிருந்து 60 மீட்டர் நீண்ட கம்பத்தின் முனையில் இன்னோர் ஆன்டெனா. தரையில் பட்டுத் திரும்பும் ஒரே எதிரொலியை இரண்டும் வாங்கும். இரண்டுக்கும் வந்து சேர்வதில் உள்ள நுண்ணிய அலை வேறுபாட்டிலிருந்து உயரத்தைக் கணக்கிட்டார்கள். வடக்கே 60 பாகை முதல் தெற்கே 56 பாகை வரை, உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு, ஒரே பயணத்தில் முடிந்தது. முன்பு சில நாடுகளுக்கு மட்டுமே கிடைத்த நல்ல உயர வரைபடம் அதன் பிறகு எல்லாருக்கும் கிடைத்தது. அதற்காக இந்தத் தொகுப்பின் மேல் எனக்கு இன்றும் தனி மதிப்பு உண்டு. முதலில் பெரும்பாலான நாடுகளுக்கு 90 மீட்டர் கட்டமே வெளியானது. 30 மீட்டர் தரவு 2014-க்குப் பிறகுதான் உலகம் முழுவதற்கும் திறக்கப்பட்டது.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. செங்குத்தான மலைகளில் ரேடார் நிழல் விழுந்த இடங்கள் ஓட்டைகளாக நின்றன. பிந்தைய பதிப்புகளில் அவற்றை வேறு தரவுகளைக் கொண்டு அடைத்திருக்கிறார்கள். எண்கள் முழு மீட்டரில் மட்டுமே இருக்கின்றன. சமவெளியில் அடுத்தடுத்த இரு கட்டங்களுக்கு ஒரு மீட்டர் வேறுபாடு என்றால் சரிவு ஏறக்குறைய 2 பாகை என்று கணக்கில் வரும். உண்மையில் அங்கே பந்தை வைத்தால் உருளாது. மூன்றாவது காடு. ரேடார் அலை இலைத்திரளுக்குள் ஓரளவு இறங்கி, நடுவில் எங்கோ எதிரொலிக்கும். அதனால் கிடைப்பது மர உச்சியும் இல்லை, தரையும் இல்லை.

இந்த மூன்றாவது எனக்கு நேரில் பாடம் சொன்னது. ஒரு கழிமுகத்தில் புயல் வெள்ளம் எவ்வளவு உள்ளே வரும் என்று கணக்கிட்டேன். கடலோரத்தில் அலையாத்திக் காடு ஒரு பட்டையாக இருந்தது. தரவில் அது பல மீட்டர் உயரமுள்ள கரையாகப் பதிவாகியிருந்தது. கணினியில் வெள்ளம் அந்தக் "கரை"யில் முட்டி நின்றுவிட்டது. பின்னாலிருந்த ஊர் முழுவதும் காய்ந்த நிலமாக வரைபடத்தில் வந்தது. அந்த ஊருக்குப் போனபோது, முந்தைய வெள்ளத்தின் கறை வீட்டுச் சுவர்களில் முழங்கால் உயரத்தில் இருந்தது. கட்டத்தின் அளவைப் பார்ப்பதை அன்றோடு விட்டேன்.

இன்று எஸ்ஆர்டிஎம் எப்போது சரி? 2000-ஆம் ஆண்டின் நிலையே தேவைப்படும்போது. பனியாறு எவ்வளவு மெலிந்தது, சுரங்கம் எவ்வளவு தோண்டியது என்று கணக்கிட ஒரே மாதத்தில் எடுத்த பழைய படம் வேண்டும். அதற்கு இதைவிட நல்லது இல்லை. அப்போதும் மூலத் தரவை மீண்டும் செயலாக்கி 2020-இல் வெளியிட்ட நாசாடெம் பதிப்பை எடுங்கள். கம்பத்தின் ஆட்டத்தால் வந்த பிழைகளைக் குறைத்து, ஓட்டைகளும் சுருங்கியிருக்கின்றன. பனிமலைகளில் மட்டும் ஒரு எச்சரிக்கை: ரேடார் அலை உலர்ந்த பனிக்குள் சில மீட்டர் இறங்கும், ஆகவே பனிப்பரப்பு உள்ளதைவிடத் தாழ்வாகத் தெரியும்.

## ஆஸ்டர்: அவசியம் இருந்தால் மட்டும்

டெர்ரா செயற்கைக்கோளில் ஜப்பான் பொருத்திய கருவி. ஒரே இடத்தை இரண்டு கோணத்தில் படம் எடுத்து, இரண்டு கண்களால் தொலைவை உணர்வதுபோல உயரம் கணக்கிடும். 83 பாகை வரை வடக்கும் தெற்கும் எட்டுவதால் ஒரு காலத்தில் துருவங்களை நெருங்கும் ஒரே வழியாக இருந்தது. மேகம் மறைத்த இடங்களில் பொய்யான மேடும் குழியும் இருக்கின்றன, சமவெளியில் இரைச்சல் அதிகம். மற்றவை கிடைக்கும் இடத்தில் இதை எடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

## ஏடபிள்யூ3டி30: மலைமுகடுகளுக்கு

ஜப்பானின் டாய்ச்சி செயற்கைக்கோளில் மூன்று கேமராக்கள் இருந்தன: ஒன்று முன்னோக்கி, ஒன்று நேர் கீழே, ஒன்று பின்னோக்கி. 2.5 மீட்டர் நுணுக்கத்தில் எடுத்த அந்தப் படங்களிலிருந்து 5 மீட்டர் கட்டத்தில் உயரம் கணக்கிட்டு, அதைச் சுருக்கி 30 மீட்டராக இலவசமாகத் தருகிறார்கள். சுருக்கித் தருவதால் ஒவ்வொரு 30 மீட்டர் கட்டத்துக்குப் பின்னாலும் பல அளவீடுகள் இருக்கின்றன. முகடுகளும் பள்ளத்தாக்கு விளிம்புகளும் தெளிவாக வருவது அதனால்தான். ரேடார் நிழல் விழும் செங்குத்துச் சரிவுகளிலும் இது கைகொடுக்கும்.

ஒளிப்படம் என்பதால் மேகம் ஓயாத மழைக்காடுகளில் ஓட்டைகள் இருந்தன. பிந்தைய பதிப்புகளில் வேறு தொகுப்புகளிலிருந்து எடுத்து அடைத்திருக்கிறார்கள். எந்தக் கட்டம் சொந்தம், எது கடன் என்று கூடவே வரும் குறிப்புக் கோப்பு சொல்லும். அதைத் திறந்து பாருங்கள்.

## கோப்பர்நிக்கஸ் ஜிஎல்ஓ-30: வேறு காரணம் இல்லையென்றால் இதுவே

2010-இலிருந்து இரண்டு ஜெர்மானிய ரேடார் செயற்கைக்கோள்கள் சில நூறு மீட்டர் இடைவெளியில் ஒன்றையொன்று சுற்றியபடியே பூமியை வலம்வந்தன. ஒன்றின் அலையை இரண்டும் கேட்டன. எஸ்ஆர்டிஎம்மின் 60 மீட்டர் கம்பம் செய்த வேலையை இங்கே இரு செயற்கைக்கோள்களின் இடைவெளி செய்தது. கம்பம் ஆடும் தொல்லை இல்லை. ஒரே இடத்தைக் குறைந்தது இரண்டு முறை, கடினமான மலைகளை அதற்கு மேலும் பார்த்தார்கள். அந்தத் தரவைத் திருத்தி, ஏரிகளைத் தட்டையாக்கி, ஆறுகள் கீழ்நோக்கியே இறங்கும்படி ஒழுங்கு செய்து, ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் திட்டத்தில் 30 மீட்டர் கட்டமாக வெளியிட்டிருக்கிறார்கள். துருவம் முதல் துருவம் வரை உண்டு. 10 இடங்களில் 9-இல் பிழை 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது இதன் வரையறை. எஸ்ஆர்டிஎம்முக்கு அதே வரையறை 16 மீட்டராக இருந்தது. எண்கள் தசமத்தோடு வருவதால் சமவெளிகளில் படிக்கட்டு தெரியாது.

இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. கிழக்குமேற்கில் கட்டங்களின் எண்ணிக்கை 50 பாகைக்கு மேல் குறையத் தொடங்கி, துருவம் நெருங்க நெருங்க இன்னும் குறையும். பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளை யோசிக்காமல் ஒட்டும் நிரல், அந்த எல்லையில் வரிசை தப்பிவிடும். ரேடாரால் பார்க்க முடியாத சில இடங்களை எஸ்ஆர்டிஎம் போன்ற பழைய தரவுகளால் அடைத்திருக்கிறார்கள். ஆக ஒரே துண்டுக்குள் இரண்டு காலங்கள் கலந்திருக்கலாம். ஆற்றின் உயரம் என்று இருப்பது நீர்ப்பரப்பின் உயரம். அடியில் எவ்வளவு ஆழம் என்பது இதில் இல்லை, இதற்கு முன் சொன்ன எதிலும் இல்லை.

பெரிய குறை ஒன்றுதான்: இது மேற்பரப்பு மாதிரி. இந்த ரேடாரின் அலைநீளம் சுமார் 3 சென்டிமீட்டர். எஸ்ஆர்டிஎம்மின் 5.6 சென்டிமீட்டர் அலையைவிடச் சிறியது என்பதால் இலைத்திரளின் மேல்பக்கத்திலேயே பெரும்பாலும் திரும்பிவிடும். அடர்காட்டில் தரையை இதில் தேடாதீர்கள்.

## ஃபேப்டெம், மெரிட்: மரத்தையும் கூரையையும் கழித்தவை

பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்டது ஃபேப்டெம். மரத்தின் உயரம், அடர்த்தி, கட்டடப் பரவல் போன்ற தரவுகளைக் கணினிக்குக் கற்பித்து, கோப்பர்நிக்கஸ் எண்ணிலிருந்து காடும் கட்டடமும் சேர்த்த உயரத்தைக் கழித்திருக்கிறார்கள். வெள்ளக் கணக்குக்கு உலகம் தழுவிய அளவில் இதுவே என் முதல் தேர்வு. என் அலையாத்திக் "கரை" இதில் பெருமளவு கரைந்துபோகிறது.

ஆனால் கழித்தது கணிப்பால். அளந்த எண்ணிலிருந்து ஊகித்த எண்ணைக் கழித்தால் வருவது பாதி ஊகம். உயரமான கட்டடங்கள் நெருங்கிய நகர மையங்களில் தெரு மட்டம் எவ்வளவு என்று இதை நம்பிச் சொல்ல நான் தயங்குவேன். இலவச உரிமம் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டுமே. ஆலோசனை நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் திட்டம் முடிந்த பிறகு இதைக் கவனிப்பதைவிட முதல் நாளே கவனிப்பது நல்லது.

2017-இல் வந்த மெரிட் இதற்கு முன்னோடி. எஸ்ஆர்டிஎம்மிலிருந்து மர உயரம், கோடுகோடான இரைச்சல், ஒட்டுமொத்தச் சாய்வுப் பிழை எல்லாவற்றையும் நீக்கியது. கட்டம் 90 மீட்டர்தான். இருந்தாலும் பெரிய ஆற்றுப்படுகை முழுவதையும் ஒன்றாகக் கணக்கிட வேண்டுமென்றால் எனக்கு இன்றும் பிடித்தது இதுவே. ஆற்றுப் பாதைகளோடு பொருந்தும்படி சீரமைத்த துணைத்தொகுப்பும் 2019-இல் வந்திருப்பதால், நீர் ஓடும் திசையை மறுபடி முதலிலிருந்து திருத்தும் வேலை மிச்சமாகிறது. இந்த உழைப்புச் சேமிப்பு 30 மீட்டர் கட்டத்தைவிடப் பெரிது.

விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி அளக்கும் லைடார் தரவு உங்கள் பகுதிக்கு வெளியாகியிருந்தால், மேலே சொன்ன எதுவும் தேவையில்லை. இலைகளின் இடைவெளி வழியே லேசர் தரையைத் தொடும். பிழை சில பத்து சென்டிமீட்டருக்குள் அடங்கும். கிடைக்காத நாடுகளே அதிகம் என்பதால்தான் இவ்வளவும் பேச வேண்டியிருக்கிறது.

## கடலடி: எண் இருக்கிறது, ஆனால் யார் பார்த்தது?

ரேடாரும் லேசரும் ஆழ்கடல் நீரை ஊடுருவாது. ஒலிதான் போகும். பலகற்றை சோனார் பொருத்திய கப்பல் போகும் வழியெல்லாம் விசிறிபோல ஒலியைப் பாய்ச்சி, அடியில் ஒரு பட்டையை அளக்கும். ஒரு பாகை விரிந்த கற்றை 4,000 மீட்டர் ஆழத்தில் 70 மீட்டர் அகலத் திட்டாக விரிந்துவிடும்; ஆழம் கூடக்கூட நுணுக்கம் குறைவதைத் தவிர்க்க முடியாது. கப்பல் மெதுவாகப் போக வேண்டும், கடல் பெரியது. கால் பங்கை இப்போதுதான் தாண்டியிருப்பது இதனால்தான்.

மீதிக்கு எண் எங்கிருந்து வந்தது? கடலடி மலை தன் நிறையால் சுற்றியுள்ள நீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். மலைக்கு மேலே கடல்மட்டம் சில மீட்டர் புடைக்கும். பல கிலோமீட்டருக்குப் பரவிய புடைப்பு என்பதால் கப்பலில் இருப்பவருக்குத் தெரியாது. செயற்கைக்கோள் ரேடார் அளந்துவிடும். அந்தப் புடைப்பிலிருந்து ஈர்ப்பையும், ஈர்ப்பிலிருந்து ஆழத்தையும் கணிக்கிறார்கள். வால்டர் ஸ்மித்தும் டேவிட் சாண்ட்வெல்லும் 1997-இல் இந்த வழியில் உலகக் கடலடி வரைபடத்தை வெளியிட்டார்கள். கடலின் முதுகைத் தடவி அடியிலுள்ள மலையைச் சொல்லும் அந்த வேலையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான். ஆனால் சில கிலோமீட்டருக்குச் சிறிய எதுவும் அதில் தெரியாது. அடர்ந்த வண்டலுக்கு அடியில் புதைந்த பாறையும் தரைமேல் நிற்கும் பாறையும் ஈர்ப்பில் ஏறக்குறைய ஒன்றுபோலவே பேசும்.

இதன் விலை எவ்வளவு என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 2005 ஜனவரி 8 அன்று அமெரிக்கக் கடற்படையின் சான் பிரான்சிஸ்கோ நீர்மூழ்கி, குவாமுக்குத் தென்கிழக்கே, பயன்படுத்திய வரைபடத்தில் இல்லாத ஒரு கடலடி மலையில் முழு வேகத்தில் மோதியது. ஒரு மாலுமி இறந்தார். இங்கே சொல்லப்போகும் எந்தத் தொகுப்பையும் கப்பல் ஓட்டப் பயன்படுத்தக் கூடாது என்று வெளியிடுபவர்களே எழுதியிருக்கிறார்கள். அதை வழக்கமான எச்சரிக்கை வாசகம் என்று தாண்டிப்போகாதீர்கள்.

## ஜெப்கோ: மூலத்தைச் சொல்லும் வரைபடம்

மொனாகோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட் 1903-இல் தொடங்கிய, கடலடியை வரையும் பன்னாட்டு முயற்சி இன்றும் தொடர்கிறது. இப்போதைய ஜெப்கோ தொகுப்பு 15 ஆர்க்செகண்ட் கட்டம் (ஒரு பாகையை 3,600-ஆகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு ஓர் ஆர்க்செகண்ட்). நிலநடுக்கோட்டில் சுமார் 460 மீட்டர். உலகம் முழுவதற்கும் 370 கோடிக்கு மேல் கட்டங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார்கள், பொதுவுடைமையாகத் தருகிறார்கள். 2030-க்குள் கடலடி முழுவதையும் அளந்துவிட வேண்டும் என்று 2017-இல் தொடங்கிய சீபெட் 2030 திட்டத்தின் அளவீடுகளும் இதில் வந்து சேர்கின்றன.

இதை நான் முதலில் பரிந்துரைப்பதற்குக் காரணம் கட்டமும் அல்ல, புதுமையும் அல்ல. கூடவே வரும் டிஐடி என்ற இணைக்கோப்பு. ஒவ்வொரு கட்டத்துக்கும் அந்த ஆழம் எப்படிக் கிடைத்தது என்று ஒரு குறியீட்டு எண் அதில் இருக்கிறது. 11 என்றால் பலகற்றை சோனார். 10 என்றால் ஒற்றைக்கற்றை. 40 என்றால் செயற்கைக்கோள் ஈர்ப்பிலிருந்து கணித்தது. 41 என்றால் சுற்றியுள்ள எண்களைக் கொண்டு கணினி இடையிட்டு நிரப்பியது. கட்டுரை தொடங்கும்போது கேட்ட கேள்விக்கு, கட்டம் கட்டமாகப் பதில் எழுதிவைத்திருக்கிறார்கள். உயரக் கோப்பை மட்டும் இறக்கிக்கொண்டு இதை விட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இன்னொரு பழக்கம்: நிலத்தின் 30 மீட்டருக்குப் பொருந்த வேண்டும் என்று ஜெப்கோவையும் 30 மீட்டராகப் பொடிக்கிறார்கள். கோப்பு பெருக்கும், படம் வழவழப்பாகும். புதிதாக ஒரு கல்கூட அதில் தெரியவராது.

## ஈட்டோப்போ 2022: ஒரே கோப்பில் உலகம்

அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல நிறுவனமான நோவா வெளியிடும் தொகுப்பு. 2000-களின் இறுதியில் வந்த முந்தைய பதிப்பு 1 ஆர்க்மினிட் (60 ஆர்க்செகண்ட்) கட்டம். 2022 பதிப்பு 15 ஆர்க்செகண்ட். நிலமும் கடலும் ஒன்றாக இணைந்து, ஈஜிஎம்2008 பூச்சியத்தில் வருகிறது. கிரீன்லாந்திலும் அன்டார்க்டிகாவிலும் பனியின் மேற்பரப்பு ஒரு பதிப்பு, பனிக்கு அடியிலுள்ள பாறை இன்னொரு பதிப்பு. 30, 60 ஆர்க்செகண்ட் கட்டங்களும் தனியாக உண்டு என்பதால் சுவர்ப்படம், பாடநூல் படம், உலகளாவிய சுனாமி அல்லது காலநிலைக் கணிப்பு போன்றவற்றுக்கு வசதி. கடல் பகுதிக்கு இதன் பெரும் மூலம் ஜெப்கோதான். ஆகவே கடல் மட்டும் வேண்டுமென்றால் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஜெப்கோவுக்கே போய்விடலாம்.

ஐரோப்பியக் கடல்களுக்கு எமோட்நெட் என்ற தொகுப்பு சுமார் 115 மீட்டர் கட்டத்தில் தருகிறது. கப்பல்கள் அளந்த இடங்களில் மட்டும் 100 மீட்டர் நுணுக்கம் வேண்டுமென்றால் ஜிஎம்ஆர்டி என்ற தொகுப்பு உண்டு.

## கரை: இரண்டும் தடுமாறும் இடம்

நிலத் தொகுப்பு கரையில் முடியும், கடல் தொகுப்பு கரையில் தொடங்கும். ஒட்டினால் பொருந்தாது. கடல் வரைபடங்களின் பூச்சியம் பெரும்பாலும் மிகத் தாழ்ந்த வற்றுமட்டம். நிலத்தின் பூச்சியம் சராசரிக் கடல்மட்டம். ஏற்றவற்றம் பெரிதாக உள்ள கரைகளில் இரண்டுக்கும் பல மீட்டர் வேறுபாடு. ஆழம் குறைந்த நீரில் பெரிய அளவைக் கப்பல் போக முடியாது. கரையோர நிலத்தில் மரமும் வீடும் உயரத்தைக் கூட்டிக்காட்டும். மக்கள் நெருங்கி வாழும் இடத்திலேயே நம் அறிவு மெலிந்திருக்கிறது.

2019-இல் ஸ்காட் கல்ப்பும் பெஞ்சமின் ஸ்ட்ராஸும் எஸ்ஆர்டிஎம் உயரத்தைக் கரையோரத்துக்கெனத் திருத்திக் கணக்கிட்டபோது, உயரும் கடல்மட்டத்தால் பாதிக்கப்படக்கூடிய மக்களின் எண்ணிக்கை பழைய கணக்கைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக வந்தது. அந்த வேறுபாட்டுக்குக் காரணம் கடல் அல்ல. மரமும் கூரையும் தரை என்று எண்ணப்பட்டதுதான்.

தெளிந்த நீர் உள்ள கரை என்றால் ஒரு வழி இருக்கிறது. 2018-இல் ஏவிய ஐஸ்சாட்-2 செயற்கைக்கோளின் பச்சை லேசர், நல்ல தெளிவில் 40 மீட்டர் ஆழம்வரை அடியைத் தொட்டுவிடும். கோடுகோடாகத்தான் கிடைக்கும், இடைவெளியைச் செயற்கைக்கோள் படங்களின் நிறவேறுபாட்டைக் கொண்டு நிரப்பலாம். கலங்கிய கழிமுகங்களில் இது உதவாது.

## மூவருக்கும்

கைவினைஞர் 40 சென்டிமீட்டர் பலகையில் 100 கிலோமீட்டர் மலைத்தொடரைச் செதுக்கப்போகிறார். பலகையில் 1 மில்லிமீட்டர் என்பது நிலத்தில் 250 மீட்டர். அவருடைய உளிமுனை 3 மில்லிமீட்டர், அதாவது 750 மீட்டர். கோப்பர்நிக்கஸின் 90 மீட்டர் பதிப்பே போதும், அதுவும் மிச்சம். 3,000 மீட்டர் சிகரம் 12 மில்லிமீட்டராகத்தான் நிற்கும் என்பதால், உயரத்தை இரண்டு மடங்காக இழுத்துக்கொள்ளட்டும். அவருடைய நேரம் அங்கே செலவாக வேண்டும்.

மாணவிக்கு ஃபேப்டெம். படுகை முழுவதும் என்றால் மெரிட். எடுத்த பிறகு மூன்று வேலைகள் இருக்கின்றன. பாலங்கள் அணைகளாக நிற்கும், வெட்டிவிட வேண்டும். ஆற்றின் அடி இல்லை, நேரில் அளந்த குறுக்குவெட்டுகளை வாங்கிச் செருக வேண்டும். ஐஸ்சாட்-2 கோடுகள் அந்தப் பகுதியைக் கடக்கும் இடங்களில் தரை உயரத்தை ஒப்பிட்டு, பிழை எவ்வளவு என்று ஆய்வேட்டில் எழுத வேண்டும். வெள்ளத்தின் ஆழம் ஒரு மீட்டர், உயரத் தரவின் பிழை இரண்டு மீட்டர் என்று வந்தால், வீடு வீடாக நனையும் நனையாது என்று அந்தப் படத்தில் குறிக்கக் கூடாது.

பொறியாளருக்கு ஜெப்கோ. கேபிள் பாதையை வரைந்ததும், அதே கோட்டை டிஐடி கோப்பின்மேல் வைத்துப் பார்க்கட்டும். எத்தனை கிலோமீட்டர் 11-இன் மேல் போகிறது, எத்தனை 40-இன் மேலும் 41-இன் மேலும் போகிறது என்று கூட்டினால், அளவைக் கப்பல் போக வேண்டிய தூரம் கையில் வந்துவிடும். கடந்த வாரம் அவர் அனுப்பிய முதல் கோட்டில் பாதிக்கு மேல் 40 இருந்தது. சற்று வடக்கே, பழைய ஆய்வுக் கப்பல்கள் போன பட்டையை ஒட்டி, இப்போது கோட்டை மறுபடி வரைந்துகொண்டிருக்கிறார்.